ருசி பார்க்காத கணவாய்

போன வாரம் ஜெயனியைக் கோயில் அன்னதான வரிசையில், கையில் தட்டோடும் கண்ணில் நீரோடும் நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். பாவம், அவளை இன்னும் அங்கேயே நிற்க வைப்பது நியாயமில்லை. நடந்ததை மறந்தவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போவோம்.

ஜெயனியின் கணவன் விதுர்சனுக்கு ஓர் அக்கா. பெயர் அஜந்தா. பேச ஆரம்பித்தால் மூச்சு விடுவதற்குக்கூட நிறுத்தமாட்டாள். அன்று அவள் நாலு பேர் கேட்கச் சொன்னது இது: "எங்கடை ஜெயனிக்குக் கொரியன் நாடகம் பாக்கத் தெரியும். அதிலை வாற ஆக்கள் சாப்பிடுறதைப் பாத்து வாயூறத் தெரியும். அடுப்பு மூட்டத்தான் தெரியாது."

நாலு பேரும் சிரித்தார்கள். ஜெயனிக்கு எங்கிருந்துதான் துணிச்சல் வந்ததோ, "இந்த முறை மச்சம் நான் காய்ச்சுறன் மச்சாள். கொரியன் கணவாய். வந்து சாப்பிட்டுப் பாத்திட்டுச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டாள்.

இது சின்னப் பேச்சு இல்லை. கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறினால் மாமனார் தியாகலிங்கம் வீட்டில் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், கிடையாது. கடைசியில் வைரவருக்குப் படைக்கும் மடை முடிந்த அன்று மாலைதான் மச்சச் சமையல். மகளும் மருமகனும் பேத்தியும் மொன்றியலுக்குப் பக்கத்து டொலார்ட்-டெஸ்-ஓர்மோ வீட்டின் பின்வளவில் கூடுவார்கள். அந்தச் சமையலும் குசினியும் மாமியார் செல்வமலரின் தனி ராச்சியம். அதற்குள் மருமகள் கால் வைக்கிறேன் என்கிறாள்.

செல்வமலர் மகளையும் பார்த்தாள், மருமகளையும் பார்த்தாள். "சரி பிள்ளை, நீயே காய்ச்சு. வாயிலை வைக்கக்கூடியதா இருந்தால் குசினி உன்ரை. இல்லாட்டி உந்தக் கதையை இதோடை விட்டிடோணும்" என்றாள்.

ஜெயனி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருஷம். வந்த புதிதில் ஆசையாக மோர்மிளகாய் பொரித்தாள். புகைமணி அலறியது. பக்கத்து வீட்டுக்காரர் பயந்துபோய்த் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டார். தலைக்கவசம் போட்ட நான்கு பேர் குசினிக்குள் வந்து நின்று தும்மிய கதை மொன்றியலில் உள்ள சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் தெரியும். அன்றோடு ஜெயனிக்கு வெங்காயம் வெட்டும் பலகையோடு சரி. அடுப்புக்குக் கிட்டப் போனால், "நீ இரு பிள்ளை, நான் பாக்கிறன்" என்று செல்வமலர் அகப்பையை வாங்கிவிடுவாள்.

அந்த 'நான் பாக்கிறன்' ஒவ்வொரு முறையும் ஜெயனிக்குச் சுருக்கென்று குத்தும். தன் வீட்டிலேயே எத்தனை நாளைக்கு விருந்தாளியாக இருப்பது?

அந்த வைரவர் மடை நாள் இன்றைக்கு விடிந்துவிட்டது.

*

மடை முடியும்வரை மச்சம் வீட்டுக்குள் வரக்கூடாது. ஆகவே சமையலுக்கான ஆயத்தமெல்லாம் கராஜில். அங்கே ஒரு பழைய குளிர்பெட்டி இருந்தது. குளிர்காலக் கார் ரயர்களுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு மேசையை விரித்து, ஜெயனி கணவாய் மீனைத் துப்புரவாக்கிக் கொண்டிருந்தாள்.

தோலை உரித்து, உள்ளே இருந்த கண்ணாடி போன்ற முள்ளை இழுத்தெடுத்து, உடம்பை விரித்துக் கத்தி நுனியால் குறுக்கும் மறுக்குமாகக் கீறினாள். அறுந்து போகாத அளவு ஆழம். அப்போதுதான் மசாலா உள்ளே இறங்கும், நெருப்பில் வைத்ததும் வடிவாகச் சுருளும்.

செல்வமலர் கராஜ் வாசல்படியில் நின்றாள். உள்ளே காலை வைக்கவில்லை.

"ஏன் பிள்ளை அதைப் போட்டுக் கீறுறாய்? எவ்வளவு நேரம் அவியும்?"

"அவிக்கிறேல்லை மாமி. நெருப்பிலை வாட்டுறது. ரெண்டு நிமிசம்."

"ரெண்டு நிமிசமோ? கணவாயோ? தண்ணி வத்த வத்த அவிச்சால்தான் பஞ்சு மாதிரி வரும். ரெண்டு நிமிசத்திலை பச்சையாயெல்லோ கிடக்கும்!"

"கூட நேரம் விட்டால்தான் ரப்பராகும் எண்டு அந்தக் கடை அம்மா சொன்னவ."

அந்தக் கடை நோத்ர-டாம்-த-கிரேஸில், ஷெர்புறூக் வீதியில் இருந்தது. பேருந்தும் மெற்றோவும் மாறி, ஜெயனி தன்னந்தனியாகப் போய் வந்திருந்தாள். கடைக்காரக் கொரிய அம்மாவுக்கும் அவளுக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் ஆங்கிலமும் நிறையக் கைச்சாடையும்தான். அதிலேயே மிளகாய்ப் பசை, அதற்கென்று தனியான சிவப்பு மிளகாய்த்தூள், வறுத்த எள்ளில் எடுத்த கறுத்த நல்லெண்ணெய் எல்லாம் வாங்கி, நெருப்பின் பக்குவத்தையும் கேட்டறிந்து வந்துவிட்டாள்.

உள்ளிப்பூண்டும் இஞ்சியும் அரைத்து, கணவாய் கிடந்த பாத்திரத்திலேயே பசை, மிளகாய்த்தூள், சோயா, சீனி எல்லாம் சேர்த்துக் கலக்கினாள். நல்ல செக்கச் சிவந்த நிறம். ஆனால் உப்புச் சரியா, உறைப்புச் சரியா? விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும். அதைத்தான் செய்ய முடியாது. விரதம். அந்தப் பாத்திரத்துக்குள் கணவாய் ஊறுகிறது.

இத்தனைக்கும் இந்தச் சாப்பாட்டை அவள் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. நாடகத்தில் மழை பெய்யும், காதலனும் காதலியும் கூடாரத்துக்குக் கீழே இருந்து இதை வாட்டிச் சாப்பிடுவார்கள். அவ்வளவுதான் அவளுக்கும் அதற்கும் உள்ள பழக்கம்.

வேலைக்குப் போக வந்த விதுர்சன் பாத்திரத்தை எட்டிப் பார்த்தான். "ஜெயனி, பயமாயிருக்கோ?"

"உங்கடை அக்கா சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுக்கை கேக்குது. பயப்பிட எங்கை நேரம்?"

"சரிவராட்டி ஒரு பீட்சாவை எடுப்பம்."

"இஞ்சருங்கோ, நீங்கள் முதல்லை வேலைக்குப் போங்கோ" என்று அவனை விரட்டினாள். ஆறுதல் சொல்ல வந்து பயங்காட்டுவதில் அவள் புருஷனுக்கு நிகர் யாருமில்லை.

*

மாலையில் கோயிலுக்கு வெளிக்கிடும்போது ஒரு சின்ன விஷயம் ஜெயனியின் கண்ணில் பட்டது. செல்வமலரின் தலை ஈரமாக இருந்தது. காலையில் தலைமுழுகியவள், பின்னேரம் மறுபடியும் ஏன் முழுகினாள்? வெக்கை போல என்று நினைத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

சென்ற்-றெஜிஸ் வீதி முருகன் கோயிலில் கூட்டத்துக்குக் குறைவில்லை. வைரவருக்கு வடைமாலை சாத்தி, மடை பரவி, தீபம் காட்டினார்கள். ஜெயனி கைகூப்பினாள். 'வைரவரே, உம்மடை பூசை முடிஞ்ச கையோடை கணவாய் சுடப் போறன். கோவிக்காதையும். என்னை இந்தச் சனத்துக்கு முன்னாலை தலைகுனிய விட்டிடாதையும்' என்று மனதுக்குள் சொன்னாள்.

பக்கத்தில் அஜந்தா குனிந்து, "என்ன ஜெயனி, கொரியன் சாப்பாடு ஆயத்தமோ? நான் எதுக்கும் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டிட்டு வாறன்" என்றாள்.

வைரவர் அதைக் கேட்டாரோ இல்லையோ, ஜெயனி கேட்டாள்.

*

அஜந்தா குடும்பம் வீட்டுக்குப் போய் உடுப்பு மாற்றிக்கொண்டு வருவதற்கு முன், மாமனார் தியாகலிங்கம் பின்வளவில் பாபிகியூ அடுப்பை மூட்டிவிட்டார். வேலையிலிருந்து நேரே கோயிலுக்கு வந்த விதுர்சனும் கூடவே வந்திருந்தான். கோடைகாலம், வெயில் இன்னும் வேலியில் கிடந்தது. ஜெயனி பாத்திரத்தைக் கொண்டுவந்து, ஒரேயொரு துண்டை எடுத்துக் கம்பியில் போட்டாள்.

சுர்ரென்றது. கீறல்கள் வாய் திறந்தன, துண்டு உருண்டு சுருண்டது. திருப்பிப் போட்டாள், எடுத்தாள், ஊதினாள். திருவிழா தொடங்கியபின் முதல்முதலாக மச்சத்தை வாயில் வைத்தாள்.

அடுத்த கணம் அவள் கண்ணால் தண்ணீர் கொட்டியது. காது அடைத்தது. விக்கல் எடுத்தது. தண்ணீர்க் குழாயடிக்கு ஓடினாள்.

"என்ன, என்ன?" என்று விதுர்சன் பதறி, மீதித் துண்டைத் தன் வாயில் போட்டான். அவனும் அவளுக்குப் பின்னால் குழாயடிக்கு ஓடினான்.

ஜெயனிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொரிய மிளகாய்த்தூள் பார்க்கத்தான் சிவப்பு, உறைப்புக் குறைவு என்று கடை அம்மா சொல்லியிருந்தார். மறுபடி பாத்திரத்தை முகர்ந்தாள். உள்ளி, எள்ளு, அதற்கடியில் வறுத்த பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும். இந்த மணம் ஷெர்புறூக் வீதியில் விற்கிற மணம் இல்லையே. இது மாமி வறுத்துத் திரித்த யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளல்லவா!

"இதுக்கை ஆர் தூள் போட்டது?"

தியாகலிங்கம் ஆகாயத்தில் போன விமானத்தைப் பார்த்தார். விமானம் போய்விட்டது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மாமா!"

"ஒரு கரண்டிதான் பிள்ளை" என்றார் அவர். "மத்தியானம் கராஜுக்குப் போனனான். திறந்து பாத்தன், ஒரே இனிப்பு மணம். உறைப்பில்லாட்டி எங்கடை சனம் தின்னுமோ? நீ தோத்துப்போவாய் எண்டு பயந்து..."

"நீங்களும் போட்டனீங்களோ?" என்றாள் செல்வமலர்.

அந்த 'நீங்களும்' காற்றில் அப்படியே நின்றது. ஜெயனி மாமியைத் திரும்பிப் பார்த்தாள். ஈரத்தலைக்குக் காரணம் இப்போதுதான் விளங்கியது. கராஜ் படியைக்கூடத் தாண்டாத மனுஷி, விரத நாளில் மச்சப் பாத்திரத்தைத் திறந்து தூள் போட்டுவிட்டு, ஓடிப்போய்த் தலைமுழுகியிருக்கிறாள்.

"எத்தினை கரண்டி மாமி?"

"குவிச்சு ரெண்டு" என்று செல்வமலர் மெதுவாகச் சொன்னாள். "அஜந்தா சும்மாவே உன்னை விடமாட்டாள். சப்பெண்டு இருந்தால் இன்னும் பத்து வருசத்துக்குச் சொல்லிக் காட்டுவாள். ருசி பாக்கவும் ஏலாது. மணத்தை நம்பிப் போட்டிட்டன்."

ஜெயனிக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டுக்கும் நடுவில் சிரிப்பும் வந்து தொலைத்தது. தான் தோற்பதற்குக் காத்திருக்கிறாள் என்று எந்த மாமியை நினைத்தாளோ, அந்த மாமி தன்னை வெல்ல வைக்கத்தான் இந்தக் கூத்தை அடித்திருக்கிறாள். அன்பு கூடினால் உறைப்பும் கூடும் போலிருக்கிறது இந்த வீட்டில்!

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவுகள் திறந்தன. அஜந்தாவின் குரல் அவளுக்கு முன்னால் வந்தது.

செல்வமலர் சட்டென்று சேலைத் தலைப்பைச் செருகினாள். "கொண்டா இஞ்சை. தக்காளியைப் போட்டுக் கறியாக்கிப் போடுறன். ஆருக்கும் தெரியவராது. நீ இரு பிள்ளை, நான் பாக்கிறன்."

அவள் கை பாத்திரத்தில் பட்டுவிட்டது. ஜெயனி விடவில்லை. கறி நன்றாகத்தான் வரும், மாமி கைபட்டால் கேட்கவா வேண்டும். ஆனால் அது மாமியின் கறி.

"இல்லை மாமி" என்றாள். "நீங்கள் இருங்கோ. நான் பாக்கிறன்."

செல்வமலர் கையை எடுத்தாள். பின்வளவுக் கதிரை ஒன்றில் மெல்ல உட்கார்ந்தாள்.

"இஞ்சருங்கோ, குசினி அலுமாரியிலை தேங்காய்ப்பால் ரின் ரெண்டு இருக்கு, எடுத்தோண்டு வாங்கோ. தேசிக்காயும், மேப்பிள் பாணியும். கெதியா!" விதுர்சன் ஓடினான். "மாமா, நெருப்பைக் கூட்டுங்கோ. ஆரும் கிட்ட வரப்படாது!"

ஊரில் குழம்பு உறைத்துப் போனால் என்ன செய்வோம்? தண்ணீரா விடுவோம்? கட்டித் தேங்காய்ப்பால் விடுவோம். அவ்வளவுதான் யோசனை. கணவாய்த் துண்டுகளை வழித்தெடுத்துத் தேங்காய்ப்பாலில் போட்டு அலசினாள். பால் சிவந்தது, கணவாய் வெளுத்தது. அதை வடித்து வைத்துவிட்டு, போத்தலில் மிச்சமிருந்த பசையோடு சோயா, உள்ளி, இனிப்புக்கு மேப்பிள் பாணி, எள்ளெண்ணெய் சேர்த்துப் புதிதாக ஒரு பூச்சுக் கலக்கினாள். புளிப்புக்குத் தேசிக்காயைப் பிழிந்தாள்.

இந்த முறை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். கொஞ்சம் உப்பு. மறுபடி நாக்கில் வைத்தாள். இப்போது சரி.

கணவாய் நெருப்பில் விழுந்தது. ஒரு பக்கம் நிறம் மாறியதும் பூச்சைத் தடவித் திருப்பினாள். பாணி பொங்கி, ஓரம் கருகி, பின்வளவெல்லாம் வாசம் பிடித்தது. "இன்னும் கொஞ்சம் விடன் பிள்ளை" என்று கதிரையிலிருந்து ஒரு குரல் வந்தது. "இல்லை மாமி" என்று அவள் எடுத்துவிட்டாள்.

*

சலாட் இலையில் ஒரு பிடி சோறு, அதன்மேல் சுடச்சுடக் கணவாய், வறுத்த எள்ளுத் தூவல். இலையோடு மடித்து ஒரே வாயில் போடவேண்டும். ஜெயனி முதல் இலையை மச்சாளிடம் நீட்டினாள்.

அஜந்தா மடித்தாள். வாயில் போட்டாள்.

பல்லுக்குப் பஞ்சு போல இருந்தது. முதலில் இனிப்பு, பிறகு நெருப்பின் கருகல் மணம். விழுங்கப் போகும் நேரத்தில்தான் கீறல்களுக்குள்ளே ஒளிந்திருந்த யாழ்ப்பாணத்து உறைப்பு மெல்ல எழும்பி வந்தது. பால் எல்லாவற்றையும் கழுவிவிடவில்லை. மாமா போட்ட ஒரு கரண்டியிலும் மாமி போட்ட இரண்டு கரண்டியிலும் வேண்டிய அளவு மட்டும் உள்ளே தங்கியிருந்தது. கொரியாவில் இப்படி ஒரு ருசி இருக்குமா என்று கேட்டால், இருக்காது. டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருந்தது.

அஜந்தா விரலை நக்கினாள். இரண்டாவது இலையைத் தானே எடுத்தாள். மூன்றாவதுக்குச் சோறு வைக்கவில்லை, கணவாயை மட்டும் எடுத்தாள்.

அவள் கணவன் ஞானேந்திரன் அதிசயப்பட்டுப் போனான். "என்னப்பா, கதைக்கிறாய் இல்லை?"

அஜந்தா கையை உயர்த்தி, பொறுங்கள் என்று காட்டிவிட்டு மென்றாள். மகள் றொஷினி "ஆங்கோர், அம்மா!" என்று பிரெஞ்சில் இன்னும் கேட்டுத் தட்டை நீட்டினாள். தட்டு போன வேகத்தில் திரும்பி வந்தது. தியாகலிங்கம் யாரும் பார்க்காத நேரம் பார்த்துக் கம்பியிலிருந்தே எடுத்துத் தின்று விரலைச் சுட்டுக்கொண்டார்.

கடைசியில் அஜந்தா எழுந்து நின்றாள். வாயைத் துடைத்தாள்.

"ஜெயனி, அண்டைக்கு நாலு பேருக்கு முன்னாலை உம்மைச் சொல்லிப்போட்டன். இண்டைக்கும் நாலு பேருக்கு முன்னாலைதான் சொல்லுறன், நான் சொன்னது பிழை. சோக்கான சாப்பாடு. இந்த வீட்டிலை அம்மான்ரை கையைத் தவிர வேறை ஒருத்தற்றை சாப்பாட்டையும் நான் உப்பிடித் திண்டதில்லை."

ஜெயனி நெஞ்சு நிமிர்ந்து நின்றாள். "இன்னும் இருக்கு மச்சாள், போடட்டோ?" என்றாள். அதற்குமேல் ஒரு வெற்றி அவளுக்குத் தேவைப்படவில்லை.

எல்லோரும் இப்போது செல்வமலரைப் பார்த்தார்கள். தீர்ப்பு அவளுடையதல்லவா?

செல்வமலர் தன் தட்டில் இருந்த கடைசித் துண்டை அவசரப்படாமல் சாப்பிட்டு முடித்தாள். "வாயிலை வைக்கக்கூடியதா இருந்தால் குசினி உன்ரை எண்டு சொன்னனான்" என்றாள். "இது அதுக்கும் மேலை. குசினி உன்ரை பிள்ளை. இண்டையிலையிருந்து."

விதுர்சன் கைதட்டினான். றொஷினி ஏன் என்று தெரியாமலே அவனைவிடப் பலமாகத் தட்டினாள்.

"இன்னும் முடியேல்லை" என்றாள் செல்வமலர். "வாற திங்கள் தொடக்கம் நான் பிரெஞ்சு வகுப்புக்குப் போறன். கிழமையிலை அஞ்சு நாள், காலமை போனால் பின்னேரம்தான் வருவன். பதிஞ்சாச்சு."

கைதட்டல் பாதியில் நின்றது. தியாகலிங்கத்தின் கையிலிருந்த துண்டு வாய்க்குப் போகாமல் நடுவழியில் நின்றது.

"பிரெஞ்சோ? நீயோ? முப்பது வருசமா பொன்ஜூர், மெர்சி எண்ட ரெண்டு சொல்லே காணும் எண்டுதானே இருந்தனீ!"

"உங்களுக்குக் காணும். எனக்குக் காணேல்லை. உந்த அடுப்பை நம்பிக் குடுக்க ஒரு ஆள் வேணுமெண்டுதான் பாத்துக்கொண்டு இருந்தனான். ரெண்டு கரண்டி சும்மாவே போட்டனான்?"

"அம்மா, பிரெஞ்சு படிச்சு என்ன செய்யப் போறீங்கள்?" என்றாள் அஜந்தா.

"அதைப் பேந்து சொல்லுறன்."

"அப்ப..." தியாகலிங்கம் குரலைச் செருமிக்கொண்டார். வாழ்க்கையின் மிகப் பெரிய கேள்வி அவருக்கு இப்போதுதான் வந்திருந்தது. "அப்ப என்ரை மத்தியானச் சாப்பாடு?"

செல்வமலர் நாடியை உயர்த்தி மருமகளைக் காட்டினாள். "குசினிக்காரியைக் கேளுங்கோ."

மூன்று நேரச் சமையல், அத்தனை பேருக்கும், இனி ஒவ்வொரு நாளும். அது ஜெயனிக்கு அப்போதுதான் உறைத்தது. மாமியைப் பார்த்தாள். மாமியின் முகத்தில் அவள் இதுவரை கண்டிராத ஒரு சிரிப்பு இருந்தது. கேட்டது கிடைத்துவிட்டது, இனிப் பின்வாங்க முடியுமா? பின்வாங்க அவளுக்கு மனமும் இல்லை.

"சமைக்கிறன் மாமா" என்றாள். "நான் சொல்லுறதுதான் சாப்பாடு. மிச்ச வேலை எல்லாருக்கும் பங்கு. இப்ப எழும்புங்கோ, சாப்பிட்ட கோப்பையளைக் கழுவிப்போடுங்கோ."

ஆண்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு தியாகலிங்கம், அந்த வீட்டின் சரித்திரத்திலேயே முதல் தடவையாக, தான் சாப்பிட்ட தட்டைத் தானே தூக்கிக்கொண்டு குசினிப் பக்கம் நடந்தார். விதுர்சன் பின்னால் போனான். ஞானேந்திரன் ஒருமுறை மனைவியைப் பார்த்துவிட்டுத் தானும் போனான்.

செல்வமலர் மட்டும் கதிரையை விட்டு எழும்பவில்லை. எழும்பச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவும் இல்லை.